ஆண்டவன் அனுப்பிய ஓநாய்!

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்! நம் மேடைகளிலே இந்தப் பழமொழி முழங்காத நாள் ஏது? வஞ்சகனை ஓநாய் என்கிறோம். சுரண்டிப் பிழைப்பவனை ஓநாய் என்கிறோம். ஆனால் தோழர்களே, ஓநாயைக் கண்ணாரக் கண்டவர் நம்மில் எத்தனை பேர்?

சென்ற மாதம் என் வகுப்பிலே கேட்டேன். நாற்பது மாணவர்கள். "ஓநாயைப் பார்த்தவர் கை தூக்குங்கள்" என்றேன். ஒரு கையும் எழவில்லை. "சரி, ஓநாய் நல்லதா, கெட்டதா?" என்றேன். "கெட்டது, சார்!" என்று நாற்பது குரல் ஒருங்கே ஒலித்தது. காணாத ஒன்றின் மீது இத்தனை உறுதியான தீர்ப்பு! அந்தத் தீர்ப்பை எழுதியவர் யார், எந்நாட்டிலே எழுதினர், அதற்கு யார் பலியாயினர் என்று தேடத் துவங்கினேன். பொய் சொன்ன இடைச்சிறுவன் கதை நம்மிடத்திலே 'புலி வருது' என்று வழங்குகிறது; ஐரோப்பாவிலே அது ஓநாய்க் கதை. அந்த ஓநாய் அங்கே ஒழிந்துபோயிற்று என்று ஊரார் நிம்மதியாக இருந்தனர். இப்போது அது மெய்யாகவே திரும்பி வந்துவிட்டது. அந்தக் கதையைத்தான் கூற விரும்புகிறேன்.

முதலில் 1764-ஆம் ஆண்டுக்குச் செல்வோம். பிரெஞ்சு நாட்டின் தென்பகுதியிலே ஜெவோதான் என்றொரு மலைநாடு. மண் வறண்டது, மக்கள் ஏழைகள், ஆடுமாடுதான் பிழைப்பு. ஆண்கள் வயலிலே உழைப்பர். மாடு மேய்ப்பது சிறுவர் சிறுமியர் வேலை. அந்த ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், லங்கோன் என்ற ஊருக்கருகே, ழான் பூலே என்ற பதினான்கு வயதுச் சிறுமி ஒரு கொடிய விலங்கினால் கொல்லப்பட்டாள். மறுநாள் அவளைப் புதைத்தனர். மாதாகோயில் பதிவேட்டிலே பாதிரியார் குறித்து வைத்தார், திருச்சடங்கு பெறாமல் புதைக்கப்பட்டாள் என்று. ஏன்? சாகுமுன் பாவமன்னிப்புப் பெறவில்லையாம்! ஓநாய் வாயில் சிக்கிய குழந்தை பாதிரியைத் தேடி ஓடியிருக்க வேண்டும் போலும்!

அன்று துவங்கிய சாவு மூன்றாண்டு ஓயவில்லை. ஏறத்தாழ நூறு உயிர்கள் மாய்ந்தன. மாண்டவர்களிலே பெரும்பாலோர் யார்? சிறுவர், சிறுமியர், பெண்கள். பிரபுவின் மகன் ஒருவனாவது மாண்டானா? இல்லை. பிரபுவின் மகன் மாடு மேய்க்கப் போவதில்லையே! விலங்கு குலம் பார்த்துக் கடிப்பதில்லை. ஆனால், எவனை எந்த இடத்திலே தனியே நிறுத்துவது என்பதைச் சமுதாயம் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தது. பல் ஓநாயினுடையது; பலியைத் தேர்ந்தெடுத்தது மனிதர் வகுத்த முறை.

அந்நாளில் மாந்த் நகரிலே ஒரு மேற்றிராணியார். அப்பகுதிக்கு அவரே சமயத் தலைவர். அவரே பெரும் பிரபுவும் கூட. 1764 டிசம்பர் 31-ஆம் நாள் அவர் ஒரு திருமுகம் வெளியிட்டார். இந்த விலங்கு ஆண்டவன் அனுப்பிய தண்டனை. மக்கள் செய்த பாவத்தின் பலன். ஆகவே நாற்பது மணி நேர வழிபாடு நடத்துக என்பது அதன் சாரம். பாவம் செய்தவர் யார்? கந்தல் உடுத்தி மலையிலே மாடு மேய்த்த பெண்ணா? இறந்த குழந்தையின் தாய் அந்தத் திருமுகத்தைக் கேட்டு என்ன நினைத்திருப்பாள்? தன் மகளைக் கொன்றது தன் பாவமே என்று நெஞ்சிலே அடித்துக் கொண்டிருப்பாள். ஓநாய் கொன்றது உடலை. திருமுகம் கொன்றதோ உள்ளத்தை!

வழிபாடு நடந்தது. சாவு நிற்கவில்லை.

மற்றொன்றையும் கூற வேண்டும். அந்நாட்டிலே வேட்டையாடும் உரிமை பிரபுக் குலத்தின் தனியுரிமை. தன் பயிரைத் தின்னும் மானையும் முயலையும் கூடக் குடியானவன் கொல்லலாகாது. மாடு மேய்க்கப் போன சிறுவனின் கையிலே துப்பாக்கி ஏது? நுனியிலே கத்தி கட்டிய கழி ஒன்றுதான். ஓநாயை ஒடுக்குவதற்கென்றே அந்நாட்டில் ஓர் அரசாங்கப் பதவி இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் துவக்கத்திலே சார்லமேன் மன்னன் காலத்தில் ஏற்பட்டது. ஆயிரமாண்டுப் பழைமை வாய்ந்த பதவி! பட்டமும் படோடோபமும் அதற்குண்டு. பூலேயின் மகளுக்கு அது உதவியதா?

அரசன் பதினைந்தாம் லூயி படை அனுப்பினான். 6,000 லீவ்ர் பரிசு அறிவித்தான். நார்மண்டியிலிருந்து பேர்போன வேட்டைக்காரரை வரவழைத்தான். ஏழைக் குடியானவர் மீது திடீரென்று என்ன இத்தனை பரிவு? 1763-இல் முடிந்த ஏழாண்டுப் போரிலே பிரெஞ்சு அரசு தோற்று நின்றது. நம் புதுச்சேரி 1761-இல் ஆங்கிலேயர் கையில் வீழ்ந்ததும் அந்தப் போரிலேதான். உடன்படிக்கைக்குப் பிறகே அதைத் திரும்பப் பெற்றனர். போர் ஓய்ந்தபின் செய்தித்தாள்களுக்குச் செய்தி வேண்டியிருந்தது. மானமிழந்த அரசுக்கு வெல்லத்தக்க பகைவன் ஒருவன் வேண்டியிருந்தான். ஜெவோதான் விலங்கு இருவருக்கும் கிடைத்தது என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுகின்றனர். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

அரண்மனையிலிருந்து பிரான்சுவா அந்துவான் என்பவர் வந்தார். அரசனின் துப்பாக்கி ஏந்தும் அதிகாரி. 1765 செப்டம்பரில் பெரியதோர் ஓநாயைச் சுட்டு வீழ்த்தினார். பஞ்சடைத்த அதன் உடல் வெர்சாய் அரண்மனைக்குச் சென்றது. வெற்றி, வெற்றி என்றனர். பரிசும் பாராட்டும் குவிந்தன. டிசம்பரிலே மீண்டும் சாவு துவங்கியது! இம்முறை அரண்மனை செவிசாய்க்கவில்லை. 'விலங்குதான் இறந்துவிட்டதே! அரசாங்கமே அறிவித்துவிட்டதே! பிறகெப்படி அது கொல்ல முடியும்?' அதிகாரத்தின் தருக்கம் அப்படித்தான் இருக்கும். 1767 ஜூன் 19-ஆம் நாள் ழான் ஷஸ்தேல் என்ற உள்ளூர்க்காரர் ஒரு விலங்கைச் சுட்டார். அதன்பின் சாவு நின்றது. மாதாவின் பதக்கத்தை உருக்கி வார்த்த குண்டால் சுட்டார் என்பது பிற்காலத்தார் கட்டிவிட்ட கதை. ஆனால் அன்று ஓர் அரசாங்க எழுத்தர் செய்த வேலையை நான் போற்றுகிறேன். அவர் செபம் செய்யவில்லை, அளவுகோலை எடுத்தார். உடலை அளந்தார், பல்லை எண்ணினார். மேல்தாடையில் 20, கீழ்த்தாடையில் 22 என்று குறித்து வைத்தார். அது நாயினத்தின் பற்கணக்கு. பேயுமன்று, பிசாசுமன்று என்பதற்கு அந்த நாற்பத்திரண்டு பற்களே சாட்சி.

இந்த மூன்றாண்டிலே மெய்யாக வென்றவர் யார் தெரியுமா? 1765 ஜனவரி 12-ஆம் நாள் ழாக் போர்த்தஃபே என்ற சிறுவனும் அவனோடு மாடு மேய்த்த சில சிறுவர் சிறுமியரும் அவ்விலங்கிடம் சிக்கினர். ஓடினால் ஒவ்வொருவராகச் சாவோம் என்று உணர்ந்து ஒன்றாக நின்றனர்; கழியால் குத்தினர்; துரத்தினர்! அரசன் போர்த்தஃபேவுக்கு 300 லீவ்ர் அளித்தான். மற்றவர் பகிர்ந்துகொள்ள 350 அளித்தான். அச்சிறுவனை அரசுச் செலவிலே படிக்க வைத்தான். பின்னாளில் அவன் பீரங்கிப் படை அதிகாரியானான். ஓநாயிடம் சிக்காத மாட்டுக்காரச் சிறுவர்களுக்கு அந்தப் படிப்பு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஓநாய் வந்தால்தான் பள்ளிக்கூடமா என்று என்னுள் இருக்கும் ஆசிரியன் முணுமுணுக்கிறான்.

ஜெவோதான் சிறுவர்களுக்காவது பகைவன் விலங்கு. அதற்கும் முன்னர், ஓநாய் செய்த கொலைக்கு மனிதனையே எரித்தனர்! ஓநாயாக உருமாறும் மனிதர் உண்டு என்பது அக்கால நம்பிக்கை. 1589-இல் ஜெர்மனியிலே, கோலோன் நகருக்கு அண்மையிலுள்ள பெட்பர்க்கில், பேட்டர் ஸ்டும்ப் என்ற குடியானவனைப் பிடித்தனர். சித்திரவதைக் கருவியைக் காட்டினர். பிசாசு கொடுத்த அரைக்கச்சையைக் கட்டி ஓநாயானேன் என்று ஒப்புக்கொண்டான். காட்டிய கருவியைக் கண்டால் யார்தான் ஒப்புக்கொள்ளமாட்டார்? அவனைச் சக்கரத்திலே நொறுக்கித் தலையை வெட்டி எரித்தனர். அவன் மகளையும் எரித்தனர். உடன் வாழ்ந்த பெண்ணையும் எரித்தனர். சாட்சி என்ன? அச்சம். தடயம் என்ன? வாக்குமூலம். கச்சை கிடைத்ததா? கிடைக்கவில்லை, பிசாசு திரும்ப எடுத்துக்கொண்டது என்று விளக்கம் கூறினர்!

ஆனால் இருட்டிலும் ஒரு கீற்று தெரிகிறது. 1603-இல் பொர்தோ நகர நீதிமன்றத்தின் முன் ழான் கிரெனியே என்ற சிறுவன் நிறுத்தப்பட்டான். நானே ஓநாயாகிக் குழந்தைகளைத் தின்றேன் என்றான். மனிதன் ஓநாயாவது நடவாத செயல், இச்சிறுவன் அறிவு மழுங்கியவன் என்று கண்டனர் நீதிபதிகள். எரிக்காமல் ஒரு மடத்திலே அடைத்தனர். வாழ்நாள் முழுதும் அடைப்பு. விடுதலை என்று அதைக் கொண்டாட மனம் வரவில்லை. ஆயினும் தீயின்மீது முதல் குடம் தண்ணீர் ஊற்றியோர் என்று அவர்களைக் கூறத்தான் வேண்டும்.

அச்சம் முற்றிலும் கற்பனையா? அல்ல. இங்கேதான் பகுத்தறிவாளர் நிதானிக்க வேண்டும். 'ஓநாய் மனிதனைத் தாக்காது, எல்லாம் கட்டுக்கதை' என்று நகரத்திலே சிலர் கூறுவதும் ஒரு மூடநம்பிக்கையே. ஓநாய் தாக்கியதுண்டு; கொன்றதுண்டு. ஆனால் ஏன்? அதிலே பெரும்பங்கு ஒரு நோய்க்கு உரியது: வெறிநோய். வெறிகொண்ட ஓநாய் பசிக்காகக் கடிப்பதில்லை, கண்டவரையெல்லாம் கடிக்கும். முகத்திலும் தலையிலும் கடிக்கும். அதற்கு மருந்தில்லாத காலத்திலே, கடிபட்டவர் தண்ணீரைக் கண்டு அலறித் துடித்துச் சாவதைப் பார்த்த ஊரார், பேய் புகுந்தது என்று எண்ணியதிலே வியப்பில்லை.

1885-இல் பாரிஸ் நகரிலே லூயி பாஸ்டர் முதன்முதலாக வெறிநோய் ஊசியை ஒரு சிறுவனுக்குப் போட்டார். அடுத்த ஆண்டு மார்ச்சு மாதம், ருசிய நாட்டின் ஸ்மோலென்ஸ்க் பகுதியிலிருந்து, வெறிகொண்ட ஓநாயால் கடியுண்ட 19 பேர் அவரை நாடி வந்தனர். கடிபட்டு இரண்டு வாரத்துக்கும் மேலாகிவிட்டது. சிலரால் நடக்கவும் இயலவில்லை. ஊசி போட்டார் பாஸ்டர். மூவர் மாண்டனர். பதினாறு பேர் உயிரோடு ஊர் திரும்பினர்! நாற்பது மணி நேர வழிபாட்டையும் நினைத்துப் பாருங்கள். இந்தப் பதினாறு பேரையும் நினைத்துப் பாருங்கள். பிறகு, நரிகளுக்கு உணவிலே மருந்து வைத்துக் காட்டுக்குள் தூவி, மேற்கு ஐரோப்பாவின் பல நாடுகளில் நரி வழிப் பரவிய அந்நோயை அறவே ஒழித்தனர். ஜெர்மனி 2008-இல் அந்நிலை எய்தியது.

இதற்குள் ஓநாயையும் ஒழித்திருந்தனர். இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு மன்னன் 1281-இலேயே பீட்டர் கார்பெட் என்பவனை ஐந்து மாவட்டங்களின் ஓநாய்களைக் கருவறுக்க ஏவினான். ஆட்டு மயிரே அந்நாட்டின் செல்வமாயிருந்த காலம் அது. பிரெஞ்சு நாட்டிலே 1789 ஆகஸ்டுப் புரட்சி இரவிலே பிரபுக்களின் வேட்டை உரிமை ஒழிந்தது. துப்பாக்கி குடியானவன் கைக்கு வந்தது. 1882-இல் ஓநாய் ஒன்றுக்கு 100 பிராங்கு பரிசென்று குடியரசு சட்டம் செய்தது; அடுத்த ஆண்டிலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓநாய்கள் கொல்லப்பட்டன. திருமுகம் செய்யாததைத் துப்பாக்கியும் நஞ்சும் செய்தன. ஜெர்மனியின் கிழக்கிலே லவுசிட்ஸ் பகுதியில், 1904 பிப்ரவரி 27-ஆம் நாள், அப்பகுதியின் கடைசி ஓநாய் சுடப்பட்டது. அந்த ஓநாய்க்கு ஊரார் வைத்திருந்த பெயர் 'சப்ரோட் புலி'! எங்கிருந்தோ தப்பி வந்த புலி என்று நம்பினர். ஓநாய் எப்படியிருக்கும் என்பதையே மறந்துபோயிருந்தனர்.

ஏறத்தாழ நூறாண்டு கழிந்தது. 2000-ஆம் ஆண்டு, அதே லவுசிட்ஸ் பகுதியிலே, ராணுவப் பயிற்சித் திடல் ஒன்றிலே, ஓநாய்க் குட்டிகள் பிறந்தது தெரியவந்தது. யாரும் கொண்டுவந்து விடவில்லை. போலந்து நாட்டிலிருந்து நடந்தே வந்த ஓநாய்களின் வழித்தோன்றல்கள்! கிழக்கு ஜெர்மனி தனியாட்சியாக இருந்தவரை, எல்லை தாண்டி வரும் ஓநாயை எப்போது வேண்டுமானாலும் சுடலாம் என்பது வழக்கு. 1990-இல் இரு ஜெர்மனியும் ஒன்றான பின், காப்புச் சட்டம் கிழக்கிற்கும் பரவியது. போலந்தும் 1998-இல் நாடெங்கும் காப்பு அளித்தது. ஐரோப்பிய நாடுகள் 1979-இல் பெர்ன் நகரிலே செய்துகொண்ட உடன்படிக்கையும், 1992-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய இயற்கை வாழிடச் சட்டமும் வேலியாக நின்றன. தெற்கிலே, 1970-களின் துவக்கத்தில் நூறு அளவிலே எஞ்சியிருந்த இத்தாலிய ஓநாய்கள் பெருகி, ஆல்ப்சு மலையேறி 1992-இல் பிரெஞ்சு நாட்டுக்குள் புகுந்தன. சட்டம் மட்டுமா காரணம்? சிற்றூர்களை விட்டு உழவர் நகரத்துக்குப் பெயர்ந்தனர். விட்டுச்சென்ற வயலிலே காடு ஏறியது. காட்டிலே மானும் பன்றியும் மலிந்தன. உணவு இருந்த இடத்துக்கு உண்பவன் வந்தான், அவ்வளவே.

ஒரு வியப்பைக் கேளுங்கள். ஜெர்மனியில் ஓநாய் முதலில் குடியேறியது இயற்கைக் காப்பகங்களிலன்று. பீரங்கி வெடிக்கும் பயிற்சித் திடல்களிலே! வெடிக்கு அஞ்சவில்லை, கள்ளத் துப்பாக்கி அங்கே குறைவு என்பதே காரணம் என்று ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். 2023-24 கணக்கின்படி அந்நாட்டில் 209 ஓநாய்க் குடும்பங்கள். குடும்பம் என்றது வேண்டுமென்றேதான். கூட்டத்தலைவன், அடிமைகள் என்று நாம் கேட்ட கதை வேறு. காட்டிலே கண்டது தாய், தந்தை, இரண்டு ஈற்றுக் குட்டிகள். குட்டி வளர்ந்ததும் வேறிடம் தேடிப் போய்விடும்.

மக்களைத் தின்றனவா? 2000-க்குப் பிறகு ஜெர்மனியில் காட்டு ஓநாயால் ஒருவரும் மாளவில்லை. 2002 முதல் 2020 வரை உலகெங்கும் ஓநாயால் தாக்கப்பட்டோர் 489 பேர் என்று நார்வே நாட்டு ஆய்வாளர் தொகுத்தனர். அவர்களுள் 380 பேர் வெறிநோய் ஓநாயால் கடியுண்டவர். மாண்டோர் 26 பேர். ஐரோப்பாவில் அந்த ஆண்டுகளில் சாவு இல்லை. ஆட்டுக்கோ அந்தக் காப்பு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண்டுக்கு 65,000-க்கு மேற்பட்ட வளர்ப்பு விலங்குகள் ஓநாயால் மடிகின்றன. ஆறு கோடி ஆடுள்ள நிலத்தில் இது சிறு துளியே என்பார் கணக்கர். துளிதான், ஆனால் அது ஒரே கிடையிலே விழும்போது வெள்ளம்! காலையிலே கிடைக்குப் போய் முப்பது ஆடு குடல் சரிந்து கிடக்கக் காண்பவனிடம் விழுக்காடு பேசுவது எத்தகைய நாகரிகம்? ஈட்டுத்தொகை உண்டு, மின்வேலிக்கு உதவி உண்டு, காவல்நாய்க்கு உதவி உண்டு. விண்ணப்பம் எழுதுவது யார்? இரவிலே வேலியைச் சுற்றி வந்து மின்சாரம் ஓடுகிறதா என்று பார்ப்பது யார்? ஓநாய் வேலியைத் தாண்டுவதைவிட அடியிலே தோண்டிப் புகவே முயலும். தரையோடு ஓடும் கம்பியிலே அதன் மூக்கு பட்டு ஒருமுறை அதிர்ந்தால், ஆடு சுடும் என்று கற்றுக்கொள்ளும். ஒரு கம்பி தொய்ந்தால் பாடம் தலைகீழ். வேலிக்குள் விருந்து என்று கற்றுக்கொள்ளும். ஆகவே அந்தக் கம்பியைக் காக்கும் கைக்குக் கூலி உண்டா என்பதே கேள்வி. ஓநாயைப் படத்திலே கண்டு மகிழ்பவன் நகரத்தான். இரவு விழிப்பவன் இடையன்.

2022 செப்டம்பரில், ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லையன் குடும்பத்தாரின் குட்டிக்குதிரை ஒன்றை ஓநாய் கொன்றது. முப்பது வயதுக் குதிரை. டாலி என்பது பெயர். மறு ஆண்டு டிசம்பரில் ஓநாயின் காப்பைத் தளர்த்தும் முன்மொழிவை ஆணையம் வெளியிட்டது. 2024 டிசம்பரில் பெர்ன் உடன்படிக்கை நாடுகள் அதனை ஏற்றன. 2025-இல் ஒன்றியத்தின் சட்டமும் திருத்தப்பட்டது. குதிரைக்காகச் சட்டம் மாறியது என்று நான் சாற்றமாட்டேன். ஆணையம் ஆய்வறிக்கை காட்டியது. இடையர்களும் நெடுநாளாகக் கேட்டு வந்தனர். ஆயினும், ஆண்டாண்டாக மடிந்த ஆடுகளின் பெயர் எந்த ஏட்டிலும் வரவில்லை. டாலியின் பெயர் உலகறியும். ஜெவோதானிலும் இப்படித்தானே நடந்தது! குதிரையும் ஆடும் ஓநாய்க்கு ஒன்று. ஏட்டுக்கு ஒன்றல்ல.

நம் நாட்டுச் செய்தியொன்றும் இதனோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. 2024-இல் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ரைச் மாவட்டச் சிற்றூர்களிலே ஓநாய்கள் குழந்தைகளைக் கவ்விச் சென்றன. அங்கும் மாண்டவர் யார் வீட்டுப் பிள்ளைகள்? கதவில்லாத குடிசைகளிலும், வெளித்திண்ணையிலும் படுத்துறங்கிய ஏழைகளின் பிள்ளைகள். ஓநாய்கள் பழி வாங்குகின்றன என்று அங்கேயும் கதை பரவியது. பழியாம்! பூட்ட ஒரு கதவு இல்லையே என்ற பேச்சு அந்தக் கதையிலே அமுங்கிற்று.

இவற்றையெல்லாம் வகுப்பிலே சொல்லி முடித்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவன் வீட்டிலே ஆடு உண்டு. "சார், அந்த ஊர்ல ராத்திரி ஆட்டுக்குக் காவல் படுக்கிறவருக்கு என்ன சம்பளம்?" என்றான். எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் பார்த்து மறுவாரம் சொல்கிறேன் என்று கூறியிருக்கிறேன்.